வாரண்டியில் இருக்கும் விலை உயர்ந்த கேமரா அடிக்கடி நின்றுபோகிறது. கம்பெனியோ "பழுதே இல்லை" என்று திருப்பித் தருகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவரின் கேமரா பாதி வேலையில் நின்றுவிடுகிறது, சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். இதே சிக்கலில் நான் ஒன்பது மாதம் அலைந்தேன். நடந்ததையே சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதிலேயே இருக்கும்.

நான் மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுப்பவன். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பலர் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் ஈப்போ பக்கமும் போய்விட்டார்கள். ஆனாலும் காதுகுத்து, கல்யாணம், கோவில் திருவிழா என்றால் பழைய தோட்டத்துக்குத்தான் வந்து கூடுவார்கள். அந்த வேலைகளை நம்பி 14,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கேமரா வாங்கினேன். லென்ஸ் தனி. ஏ.பி. செட் என்று இணை இறக்குமதியாக வருவதை எடுத்திருந்தால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம். ஆனால் அதற்குக் கடைக்காரர்தான் பொறுப்பு, தயாரித்தவர் கை வைக்க மாட்டார். எனவே கேட்டு, பெட்டியில் ஒட்டிய வில்லையைப் பார்த்து, மலேசிய வாரண்டி உள்ளதையே வாங்கினேன்.

மூன்றாவது மாதம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. நிலம் வீடமைப்புக்குப் போகிறது, கோவிலை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், பழைய இடத்தில் அதுதான் கடைசித் தீமிதி. "தம்பி, அடுத்த வருஷம் இந்த இடமே இருக்காது. ஒண்ணு விடாம எடுத்துடுங்க" என்று கமிட்டித் தலைவர் இரண்டு தடவை சொன்னார். மாலை நாலரை மணி. கரகம் பூக்குழிக்குள் கால் வைக்கும் நேரம், கேமரா நின்றது. திரையில் ஷட்டர் பிழை என்று ஓர் எண். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இரண்டு படம் எடுத்தது, மறுபடி நின்றது. தோளில் தொங்கிய பழைய கேமராவில் அகலக் கோண லென்ஸ். அதில் எடுத்த படங்களில் ஆட்கள் தூரத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறார்கள். அந்த ஆல்பத்தில் கரகம் இறங்கும் படம் இல்லை. பிறகு ஆட்களிடம் இருந்த கைப்பேசிப் படங்களை வாங்கி ஒப்பேற்றினேன். தலைவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஈப்போவிலிருந்து ரயிலேறிப் போய் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, "சோதித்தோம், பழுது காணப்படவில்லை, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது." இரண்டாம் முறை, "மெமரி கார்டை மாற்றிப் பாருங்கள்." வேறு இரண்டு கார்டுகளோடு மாற்றிப் பார்த்துவிட்டேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்ததை யாரும் படிக்கவில்லை. மூன்றாம் முறை பேச்சே மாறியது. உள்ளே ஈரப்பதத்தால் அரிப்பு, இது வாரண்டியில் வராது, சரிசெய்ய 3,200 வெள்ளி. இரண்டு முறை இல்லாத பழுது, மூன்றாம் முறை என் தவறால் வந்த பழுது ஆகிவிட்டது. அரிப்பு எங்கே என்று படம் கேட்டேன், அனுப்பவில்லை. என் கேமராக்கள் 45 விழுக்காடு ஈரப்பதத்தில், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினெட் பெட்டியில் தூங்குகின்றன. நம் நாட்டில் இந்தத் தொழில் செய்பவன் எவனும் முதலில் வாங்குவது அந்தப் பெட்டியைத்தான்.

எந்த இயந்திரமும் பழுதாகலாம், அதில் எனக்குக் கோபம் இல்லை. கண்ணால் கண்டு, படம் இழந்து, ஆள் முன்னால் தலைகுனிந்து நின்றவனிடம் "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று தாளில் அடித்துக் கொடுப்பதுதான் தாங்கவில்லை.

வழி காட்டியவர் எங்கள் ஊரில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஓர் அண்ணன். கேமராவைத் திறக்க வேண்டாம், திறந்தால் வாரண்டி போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எப்போது நிற்கிறது, எத்தனை மணிக்கு, வெயிலிலா கூரைக்குள்ளா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. நின்ற நேரமெல்லாம் வெளியில், சூட்டில், அரைமணிக்கு மேல் ஓடிய பிறகு. "தம்பி, ஈயப் பற்று ஒன்று நூலளவு விரிந்திருக்கும். சூடேறினால் விலகும், ஆறினால் ஒட்டும். அவர்கள் ஏர்கோன் அறையில் இருபது நிமிடம் தட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்?" என்றார். டிவி காலத்தில் முடி உலர்த்தியால் பலகையைச் சுட வைத்து இப்படிப்பட்ட பழுதைப் பிடிப்பார்களாம்.

இந்த மாதிரிப் பழுது புதிதும் அல்ல. 2007 இல் வந்த கேனன் 1டி மார்க் 3 விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கான உயர்ந்த கேமரா. நல்ல வெயிலில், சூட்டில் ஓடும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யத் தடுமாறுகிறது என்று புகைப்படக்காரர்கள் படங்களோடு திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்த ஆண்டு இறுதியில் நிறுவனமே துணைக் கண்ணாடிப் பகுதியில் கோளாறு என்று ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. நிக்கான் டி600 இல் சென்சாரில் புள்ளி விழுந்த விவகாரமும் அப்படித்தான். 2012 இல் வந்த கேமரா. வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது 2014 பிப்ரவரியில். பயன்படுத்துகிறவர்கள் ஆதாரத்தோடு விடாமல் பேசியதால் வந்தவை இவை.

எனவே நான் செய்தது இது. வீட்டு முன்கூரை நிழலில் முக்காலியில் கேமராவை வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானி, ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்படி ஓடவிட்டேன். கைப்பேசியில் இடைவெட்டு இல்லாமல் ஒரே வீடியோ. தொடக்கத்தில் கேமராவின் வரிசை எண்ணையும் அன்றைய நாளிதழின் தேதியையும் காட்டினேன். 34 டிகிரியில் 38 ஆவது நிமிடம் நின்றது. குளிர்சாதன அறையில் கால்மணி நேரம் வைத்தேன், ஓடியது. மூன்று நாள், மூன்று வீடியோ. நிழலில் வைப்பது முக்கியம். என் கேமராவின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை, 85 விழுக்காடு ஈரப்பதம் வரை இயங்கும் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். நேர் வெயிலில் வைத்தால் கேமரா அந்த வரம்பைத் தாண்டிச் சூடாகிவிடும், அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். உங்கள் கேமரா கையேட்டின் கடைசிப் பக்கங்களிலும் இந்த அளவுகள் இருக்கும், பாருங்கள்.

அடுத்து கடிதம். கம்பெனிக்கு மட்டும் எழுதாதீர்கள், விற்ற கடைக்கும் எழுதுங்கள். "அது கம்பெனி விஷயம்" என்று கடைக்காரர் சொன்னதை நானும் பல மாதம் நம்பினேன். 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32 ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், உழைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பு விற்றவருக்கும் உண்டு, தயாரித்தவருக்கும் உண்டு. வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் இது தனி.

பதினான்கு நாள் கெடு கொடுத்தேன். "நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள், பயனீட்டாளர் அல்ல" என்று ஒரு வரிப் பதில் வந்தது. இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். பொருள் சாதாரணமாகச் சொந்த உபயோகத்துக்கு வாங்கப்படும் வகையா என்றுதான் முதலில் பார்க்கிறது. மறுவிற்பனைக்கோ உற்பத்தியில் செலவழிக்கவோ வாங்கியது போன்றவற்றைத்தான் விலக்குகிறது. என் கேமராவைப் பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்களும் நிறைய உண்டு என்று பதில் எழுதிவிட்டு, ஈப்போவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதலாம் படிவத்தை நிரப்பினேன். அப்போது வாரண்டி முடிய ஆறு நாள் இருந்தது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, கம்பெனியும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து, அலுவலகக் கவுண்டர் என்றாலே தயங்கி நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். பயப்படாமல் போங்கள்.

விசாரணைத் தேதிக்கு முன்பே கம்பெனியிலிருந்து தொலைபேசி. நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகப் பார்க்கிறோம் என்றார்கள். அதனால் தொழில் பற்றிய அந்த வாதம் தீர்ப்பு வரை போகவில்லை. கேமரா திரும்பி வந்ததும் கோரிக்கையை உடனே மீட்டுக்கொள்ளவில்லை. அதே நிழலில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவில்லை. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இடையில் வாடகைக் கேமராவுக்குக் கொடுத்த 1,950 வெள்ளி போனது போனதுதான். அதையும் முதலிலேயே ரசீதோடு கோரிக்கையில் சேர்த்திருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

இப்போதும் ஒன்று உறுத்துகிறது. அவர்கள் கொடுத்த ஜாப் ஷீட்டில் "மாற்றப்பட்டவை: மெயின் போர்டு, ஷட்டர் தொகுதி" என்று இருக்கிறது. அதற்கு மேல் வரியில் "கண்டறியப்பட்ட பழுது: இல்லை." நாளை இதே கோளாறு திரும்பினால், முன்பு எப்போதும் இருந்ததில்லை என்று அந்த வரியைத்தான் காட்டுவார்கள். அதே கேமராவை வாங்கிய இன்னொருவர் போய் நின்றாலும், இப்படி யாரும் சொன்னதில்லை என்பார்கள். அந்த ஒரு வரியைத் திருத்தித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.