வெங்காயத்தாமரை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

எங்கள் ஊர்க் கண்மாயில் ஆறு வருடமாக வெங்காயத்தாமரை என்ற மிதக்கும் களைச்செடியோடு மல்லுக்கட்டுகிறோம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஆகாயத்தாமரையும் இதுவும் ஒன்றா?

பேச்சில் கலந்து சொல்கிறோம், ஆனால் செடி வேறு. ஆகாயத்தாமரை குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப் பூ விட்டால் வெங்காயத்தாமரை. அந்தக் காம்பை நறுக்கிப் பாருங்கள், உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள் இருக்கும். மிதப்பது அதனால்தான். தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காக இங்கே கொண்டுவந்த செடி இது.

அண்ணா, போன வருடம் ஜேசிபி வைத்து முழுக்க அள்ளினோம். இந்தக் கார்த்திகையில் மறுபடி மூடிவிட்டது. எங்கே தப்பு?

அள்ளியதை எங்கே போட்டீர்கள் தம்பி? நாங்கள் முதல் வருடம் கரையின் உள்சரிவிலேயே குவித்தோம். ஐப்பசி மழையில் பாதி தண்ணீருக்குள் சரிந்து, மிதந்து, துளிர்த்துவிட்டது. கரைக்கு வெளியே, தண்ணீர் எட்டாத இடத்தில்தான் கொட்ட வேண்டும்.

இன்னொன்று விதை. பூத்து முடிந்ததும் பூங்காம்பு தானே வளைந்து தண்ணீருக்குள் போகும், விதை சேற்றில் விழும். அங்கே 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி வெயில் பட்டால் முளைத்துவிடும். அதனால் ஜேசிபி போன பிறகுதான் நம் வேலையே ஆரம்பம். நல்ல சூட்டில் இரண்டு வாரத்தில் செடி இரட்டிப்பாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பரிசலில் இரண்டு பேர் போய் மதகு மூலை, கோரைப்புல் இடுக்கெல்லாம் பார்த்து, விரல் அளவுக் குஞ்சைக்கூட விடாமல் எடுங்கள். வரத்துக் கால்வாய் வாயில் குறுக்கே மூங்கில் கட்டினால் மேலிருந்து மிதந்து வருவது அங்கேயே நிற்கும்.

எந்த மாதத்தில் அள்ளலாம்?

பங்குனி, சித்திரை. தண்ணீர் சுருங்கியிருக்கும், கூலி குறையும்.

களைக்கொல்லி அடித்தால்?

தயவுசெய்து வேண்டாம். செத்த செடி அடியில் அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும். மீன் செத்து மிதக்கும். அதோடு, மாடு குடிக்கிற தண்ணீரும் அதுதான்.

வண்டு விட்டால் தின்றுவிடும் என்கிறார்களே ஐயா?

உண்மைதான். நியோகெட்டினா என்ற கூன்வண்டை 1980களில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள், நல்ல பலன் கிடைத்தது. வண்டு இலையைச் சுரண்டும், புழு காம்பைக் குடைந்து உள்ளே போகும். பயிர் பக்கம் போகாது. ஆனால் பலன் தெரிய வருடக்கணக்கில் ஆகும். வருடாவருடம் வறண்டுபோகும் கண்மாயில் செடியோடு வண்டும் அழிந்துவிடும். வற்றாத ஏரிக்குத்தான் நான் இதைச் சொல்வேன்.

அள்ளியதை உரமாக்கலாமா?

100 கிலோவில் 90 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் வாட்டித் தென்னைக்கு மூடாக்குப் போடுங்கள், சாணத்தோடு மட்கவும் விடலாம். ஆலைக்கழிவு கலக்கும் குளமாக இருந்தால் மட்டும் காய்கறித் தோட்டத்தில் சேர்க்காதீர்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றை இந்தச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஒரேயடியாக ஒழிக்க வழியே இல்லையா?

உங்கள் குளத்துக்குள் சாக்கடை எங்கே இறங்குகிறது என்று முதலில் நடந்து பாருங்கள். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் இதற்குச் சோறு. எங்கள் கண்மாயில் தெருச் சாக்கடையைத் திருப்பிவிட்ட அடுத்த வருடமே அள்ளும் வேலை பாதியானது. ஊராட்சியில் மனுக் கொடுக்கப் போகும்போது, அந்தச் சாக்கடை வாயைப் படம் எடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.