கனடாவுக்குத் தவணை முறையில் குடிபோகிறீர்களா? முதல் நாளே முழு லிஸ்ட்டையும் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: மிச்சிகனில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். எங்கள் நாலு பேருக்கும் கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) ஒப்புதலாகி, அதை உறுதிசெய்யும் சி.ஓ.பி.ஆர். ஆவணம் கையில் இருக்கிறது. அது காலாவதியாக இன்னும் மூன்று மாதம்தான். வேலையை இப்போது விட முடியாது. ஒரு வாரயிறுதியில் எல்லைக்கு அந்தப் பக்கம் விண்ட்ஸர் போய் லேண்டிங்கை (பி.ஆராக முதல்முறை நுழைந்து பதிவாவதை) மட்டும் முடித்துவிட்டுத் திரும்பலாம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் மனைவியும் பிள்ளைகளும் ஒன்டாரியோ மாகாணத்து மிஸிஸாகா போகட்டும், சாமான்களை நான் காரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், அடுத்த வருஷம் நானும் காரும் கடைசியாகப் போகலாம் என்று திட்டம். லேண்டிங் அன்று கையில் ஒரு பெட்டிகூட இருக்காது. இதில் ஏதாவது சிக்கல் வருமா? நகைகளை எப்படிக் காட்டுவது?

பதில்: திட்டம் நடக்கக்கூடியதுதான். சி.ஓ.பி.ஆர். தேதியை நீட்டிக்க மாட்டார்கள், அதனால் லேண்டிங்கை முதலில் முடிப்பது சரியான முடிவு. ஆனால் "கையில் ஒரு பெட்டிகூட இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டி இல்லாமல் போகலாம். லிஸ்ட் இல்லாமல் போகக் கூடாது.

முதல்முறை குடியேற வருபவர், தான் ஏற்கெனவே சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருட்களைச் சுங்க வரியும் விற்பனை வரியும் இல்லாமல் கொண்டுவரலாம் என்பது கனடாவின் சலுகை. பின்னால் வரும் பொருட்களுக்கும் அது உண்டு, ஆனால் அவை முதல் லிஸ்ட்டில் இருந்தால் மட்டுமே. நீங்கள் சாமான்களை எத்தனை தவணையில் வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், சுங்கத்துறை திரும்பிப் பார்க்கப்போவது அந்த முதல் நாளைத்தான்.

அதனால் இரண்டு பகுதியாக லிஸ்ட் போடுங்கள். ஒன்று, இன்று கூடவே வருபவை. உங்கள் விஷயத்தில் உடுத்தியிருக்கும் துணி, போன், மனைவி போட்டிருக்கும் நகை, அவ்வளவுதான். இன்னொன்று, 'குட்ஸ் டு ஃபாலோ', அதாவது பின்னால் வரப்போகிறவை. வீடு முழுவதும் இதில்தான் வரும். பி.எஸ்.எஃப். 186 என்ற படிவமும் அதோடு சேர்ந்த 186ஏ என்ற பட்டியல் படிவமும் கனடா எல்லைச் சேவை முகமையின் தளத்திலேயே கிடைக்கின்றன. டைப் செய்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். குடிவரவு அதிகாரி லேண்டிங்கை முடித்ததும் "போகலாம்" என்பார், உடனே காரை எடுத்துவிடாதீர்கள். சுங்க அதிகாரியிடம் போய், பின்னால் வரும் பொருட்களின் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் முத்திரை வைத்துத் தரும் பிரதியைப் பாஸ்போர்ட்டோடு பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு தடவை சாமான் ஏற்றிப் போகும்போதும் அதைத்தான் காட்டப்போகிறீர்கள்.

லிஸ்ட்டில் பொருளின் பெயர், கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் இருப்பவற்றுக்கு அந்த நம்பர், கனடா டாலரில் இன்றைய மதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். வாங்கிய விலையைப் போடாதீர்கள். நாலு வருஷம் ஓடிய லேப்டாப்புக்குப் பழைய லேப்டாப்பின் விலைதான். பாத்திரம், புத்தகம், படுக்கை விரிப்பு போன்றவற்றை "சமையல் பாத்திரங்கள், நாலு பெட்டி, 300 டாலர்" என்று மொத்தமாகப் போட்டால் போதும். ஒவ்வொரு கரண்டியையும் எண்ண வேண்டாம். டி.வி., கேமரா, தையல் மெஷின், கிரைண்டர் மாதிரியானவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். கிரைண்டரைத் தலைகீழாகப் பிடித்து அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்துக்கொண்டால் நம்பர் தேடும் வேலை மிச்சம். கனடாவிலும் 120 வோல்ட்தான், அமெரிக்காவுக்கென்று வாங்கிய கிரைண்டர் அங்கேயும் ஓடும்.

இப்போது நகை. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "தங்க நகை, 40 சவரன்" என்று ஒரு வரியில் எழுதினால் பிரயோஜனம் இல்லை. தாலிச் சங்கிலி, வளையல் ஜோடி, ஆரம், ஜிமிக்கி என்று உருப்படி உருப்படியாக, எடையோடு எழுதுங்கள். நகையை வார்த்தையில் சொல்லி அடையாளம் காட்டுவது கஷ்டம் என்பது சுங்கத்துறைக்கும் தெரியும். அதனால் நகை மதிப்பீட்டாளரின் சான்றிதழிலோ இன்ஷூரன்ஸ் பாலிசியிலோ இருக்கும் விவரிப்பை அப்படியே எழுதவும், மதிப்பீட்டாளர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட போட்டோக்களை இணைக்கவும் சொல்கிறார்கள். நகைக்கடைக்கு ஒரு தடவை போய் இதை முடித்துவிடுங்கள். செலவாகும், ஆனால் ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று இன்னும் உண்டு. லிஸ்ட் மிச்சிகன் வீட்டோடு முடிவதில்லை. ஊரில் பேங்க் லாக்கரில் மனைவி வைத்திருக்கும் நகை, அவர் போட்டுப் பழகியதுதான் என்றால், அதுவும் அவருடைய பொருள்தான். என்றாவது கனடாவுக்குக் கொண்டுவரப்போகிறீர்கள் என்றால் இப்போதே சேருங்கள். மாமியார் பிறகு ஆசையாகக் கொடுக்கப்போகும் நகை இதில் வராது.

லேண்டிங்குக்குப் பிறகு அமெரிக்காவில் நீங்கள் வாங்கும் எதற்கும் இந்தச் சலுகை கிடையாது. 'போகிறதுதான் போகிறோம், அமெரிக்காவில் மலிவு' என்று நடுவில் புது சோஃபா வாங்கினால் அது சாதாரண இறக்குமதி. வாங்கியே தீர வேண்டும் என்றால் லேண்டிங்குக்கு முன்னால் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிடுங்கள். சலுகையில் கொண்டுபோன பொருளை ஒரு வருஷத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ அதற்குரிய வரியைக் கட்ட வேண்டும். வாடகை, லீஸ் பொருட்கள் உங்களுடையவையாகக் கணக்கில் வராது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கையில் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, அறிவிக்காமல் விடுவதுதான் குற்றம். பேங்க் வழியாக அனுப்பினால் இந்தப் பேச்சே இல்லை.

அப்புறம் போக்குவரத்து. பி.ஆர். கார்டு கனடா முகவரிக்கு மட்டுமே தபாலில் வரும். லேண்டிங் ஆகி 180 நாட்களுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் கட்டணம் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நம்பிக்கையான நண்பர் வீட்டு முகவரி இருந்தால் அதைக் கொடுங்கள். கார்டு வரும்வரை விமானம், பஸ், ரயிலில் கனடாவுக்குள் போவது சிக்கல். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர் பாஸ்போர்ட்டையும் சி.ஓ.பி.ஆரையும் காட்டி நுழையலாம். டெட்ராய்ட் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வசதி.

திரும்பி அமெரிக்காவுக்குள் வருவதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கனடா பி.ஆர். ஆனதால் எச்-1பி போய்விடாது. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் செல்லுபடியானால் பிரச்சினையே இல்லை. ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தாலும், ஐ-94 (அமெரிக்காவில் தங்க அனுமதித்த பதிவு) நடப்பில் இருந்து, கனடாவில் தங்கியது 30 நாட்களுக்கு மேற்படாமல், அந்தச் சமயத்தில் புது விசாவுக்கு விண்ணப்பிக்காமலும் இருந்தால் திரும்பி வரும் விதி இருக்கிறது. ஐ-797 ஒப்புதல் கடிதத்தையும் ஐ-94 பிரதியையும் கையோடு வைத்திருங்கள்.

வாரயிறுதியில் போய்வரும் உங்களுக்கு இந்த விதி போதும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போதாது. மிஸிஸாகாவில் குடியேறி 30 நாள் தாண்டிய பிறகு எச்-4 (எச்-1பிக்காரர் குடும்பத்துக்கான விசா) ஸ்டாம்ப் காலாவதி என்றால், புது விசா வாங்காமல் மிச்சிகன் பக்கம் வர முடியாது. கனடா பி.ஆர். இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். தீபாவளிக்கு அவர்கள் இங்கே வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தால் ஸ்டாம்ப் தேதியை இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு வருஷமும் 401 நெடுஞ்சாலையில் நீங்கள்தான் ஓட வேண்டும்.

அப்படி ஓடுவதில் ஒரு லாபமும் உண்டு. பி.ஆர். நிலைக்க ஐந்து வருஷத்தில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு. நாளில் கொஞ்ச நேரம் இருந்தாலும் முழு நாளாகவே எண்ணுவார்கள். வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு முன் எல்லை தாண்டி ஞாயிறு மாலை திரும்பினால் மூன்று நாள் உங்கள் கணக்கில் சேரும். தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் திட்டத்திலேயே செலவு வைக்கக்கூடிய பகுதி: வருமான வரி. பி.ஆர். கிடைத்த நாளை வைத்துக் கனடா உங்களை வரி செலுத்தும் குடியிருப்பாளராக்குவதில்லை. வீடு எங்கே, மனைவி எங்கே, பிள்ளைகள் எங்கே என்றுதான் பார்க்கும். விண்ட்ஸர் போய் இரண்டு நாளில் திரும்புவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் குடும்பம் மிஸிஸாகாவில் வீடு பிடித்துப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, "நான் இன்னும் மிச்சிகனில்தானே வேலை செய்கிறேன்" என்ற வாதம் பலவீனமாகிவிடும். உங்கள் அமெரிக்கச் சம்பளமும் கனடாவின் கணக்குக்குள் வரலாம். அமெரிக்காவில் கட்டிய வரிக்குக் கழிவு உண்டு, இரு நாட்டு வரி ஒப்பந்தத்திலும் யார் எந்த நாட்டுக் குடியிருப்பாளர் என்று தீர்மானிக்கும் விதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்க இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் வேண்டும். குடும்பம் கிளம்புவதற்கு முன்பே அவரைப் பாருங்கள். ராத் ஐ.ஆர்.ஏ. என்ற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கனடாவில் குடியிருப்பாளரான பிறகு அதில் பணம் போடக் கூடாது, ஒருமுறை செய்ய வேண்டிய தாக்கலும் இருக்கிறது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக் கனடா பொதுவாக நீங்கள் குடியிருப்பாளரான நாளின் சந்தை விலையைத்தான் அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளும், எனவே அன்றைய மதிப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள்.

ஒன்டாரியோவின் மருத்துவக் காப்பீடான ஓஹிப்புக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-இல் நீக்கப்பட்டது. குடியேறியதும் மனைவியும் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். மிச்சிகனில் தங்கியிருக்கும் உங்களுக்கு அது கிடையாது, கம்பெனி இன்ஷூரன்ஸை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாகக் கார். அடுத்த வருஷம்தான் வரும் என்றாலும் வி.ஐ.என். என்ற அடையாள நம்பரோடு இன்றைய லிஸ்ட்டிலேயே இருக்க வேண்டும். நடுவில் காரை மாற்றினால் புதிய காருக்குச் சலுகை இல்லை. அந்த மாடல் கனடாவுக்குள் வர அனுமதி உண்டா என்பதைப் போக்குவரத்துத் துறையின் பட்டியலில் பாருங்கள், திரும்பப் பெறும் குறைபாடு (ரீகால்) எதுவும் பாக்கியில்லை என்று தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்குங்கள். இதெல்லாம் கனடா பக்கம். பலர் மறப்பது அமெரிக்கப் பக்கத்தை: கார் நாட்டை விட்டுப் போவதற்கு 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்திடம் டைட்டில் (உரிமைப் பத்திரம்) உள்ளிட்ட ஆவணங்களைக் கொடுத்திருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். எந்த எல்லை வழியாகப் போகிறீர்களோ அங்குள்ள ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போன் செய்து வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள், ஞாயிற்றுக்கிழமை காரில் போய் நிற்காதீர்கள். கனடாவுக்குள் வந்த 45 நாட்களுக்குள் காரைப் பரிசோதனைக்கு விட வேண்டும். கிளம்பும் முன் உங்கள் அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எத்தனை வருஷம் பாலிசி இருந்தது, விபத்துக் கோரிக்கை ஏதும் உண்டா என்று காட்டும் கடிதம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போனால் உங்களைப் புது டிரைவராகக் கருதிப் பிரீமியம் சொல்லக்கூடும், மிஸிஸாகா பக்கம் கார் இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே மலிவில்லை.