மூன்றாவது டிபரென்சலும் போன பிறகு
வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டில் தயாரான ஜப்பானிய ஜீப். வழமையாக முன் சில்லுகள் இழுக்கும். தேவைப்படும்போது பின் சில்லுகளுக்கும் இழுவை தானாகவே போகும். இரண்டு வருடத்துக்குள் இதன் பின் டிபரென்சல் (பின் சில்லுகள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுப் பெட்டி) மூன்று முறை பழுதாகிவிட்டது. வாகனத்தோடு வந்த டிபரென்சல், 80 கிலோமீற்றர் வேகத்தில் ஊளையிடத் தொடங்கி, கடைசியில் பினியன் (எஞ்சின் பக்கத்திலிருந்து டிபரென்சலுக்குள் வரும் சிறிய பற்சில்லு) சுழலும் பெயாரிங் உடைந்து நின்றது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்றை வாங்கிப் பூட்டினோம். 14 மாதம் ஓடியது. அடுத்தது 7 மாதந்தான். இடையில் பினியன் ஒயில் சீலை (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையத்தை) இரண்டு முறை மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. மாதம் ஒரு முறையாவது கொழும்பு போய்வருகிறேன். முன் ரயர்கள் தேய்ந்ததும் அவை இரண்டையும் மாற்றிவிடுவேன், அளவு 225/65 ஆர் 17. பின் ரயர்கள் நான் வாங்கியபோது இருந்தவையே, இன்னும் 3 மில்லிமீற்றர் தவாளிப்பு (ரயரின் பள்ளக் கோடுகளின் ஆழம்) இருக்கிறது. "சாமான் சரியில்லை" என்கிறார் மெக்கானிக். நான்காவதாக ஒன்றை வாங்குவதா, அல்லது வாகனத்தையே விற்றுவிடுவதா? கழற்றிய பாகங்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.
- வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டும் வேண்டாம். நான்காவதை இப்போது வாங்கிப் பூட்டினால், அது போவதற்கும் நாள் குறித்துவிட்டதாகவே கொள்ளவேண்டும். (வாகனத்தின் பெயரையும் கராஜின் பெயரையும் கடிதத்திலிருந்து நாமே நீக்கியிருக்கிறோம். தயாரித்தவர்மீது குற்றம் இருப்பதாக இந்தப் படங்களில் எனக்கு எதுவும் தெரியவில்லை.)

பழைய பாகம் ஒன்று சரியில்லாமல் அமைவது புதினமல்ல. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, இருந்த வாகனங்களையே நாம் எல்லோரும் தள்ளிக்கொண்டு போனோம். கடையில் கிடைத்த பாகங்களும் ஓடிக் களைத்தவைதான். ஆனால் உங்களிடம் பழுதான மூன்றில் ஒன்று உங்கள் வாகனத்தோடு பிறந்தது, மற்ற இரண்டும் வெவ்வேறு வாகனங்களிலிருந்து வந்தவை. மூன்றும் ஒரே பெயாரிங்கில் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன என்றால், டிபரென்சலைக் கழற்றும்போது கழராமல் வாகனத்திலேயே தங்கிவிடும் ஏதோவொன்றைத்தான் நாம் தேடவேண்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டாவதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரவுண் வீலின் (பினியனோடு பல் பொருந்திச் சுழலும் பெரிய பற்சில்லின்) பற்களில், எஞ்சின் இழுக்கும்போது சுமை விழுகின்ற முன்முகத்தில் தயாரிப்பு வேலையின் கோடுகள் இன்னும் மங்காமல் இருக்கின்றன. பின்முகமோ கண்ணாடிபோல மினுங்குகிறது, அங்கங்கே பொரிந்தும் இருக்கிறது. பின்முகத்தில் சுமை விழுவது, பின் சில்லுகள் பினியனைத் திருப்பித் தள்ளும்போதுதான். அதாவது, உங்கள் ஜீப்பில் எஞ்சின் பின் சில்லுகளை ஓட்டியதைக் காட்டிலும், பின் சில்லுகள் எஞ்சின் பக்கத்தை ஓட்டிய நேரமே அதிகம். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்து வேகம் குறைக்கும்போது எந்த வாகனத்திலும் இது சிறிது நடக்கும். இவ்வளவு தேய்வதற்கு அது போதாது.

இந்த இடத்தில் உங்கள் ரயர்களைக் கணக்கில் எடுக்கவேண்டும். 225/65 ஆர் 17 ரயரின் விட்டம் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 724 மில்லிமீற்றர், சுற்றளவு 2,275 மில்லிமீற்றர். புதிய ரயரில் தவாளிப்பு 8 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பின் ரயர்கள் ஆரையில் 5 மில்லிமீற்றரும் சுற்றளவில் 31 மில்லிமீற்றரும் சிறுத்துவிட்டன. முன் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 439 தரம் சுற்றும்போது பின் சில்லு 445 தரத்துக்கு மேல் சுற்றவேண்டும். ஆறு சுற்றுத்தானே என்று தோன்றும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரமுள்ள கொழும்புக்குப் போய்ச்சேரும்போது அது 2,400 சுற்றாகிவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் கிளச் அந்த வித்தியாசத்தை வழுக்கி வழுக்கி விழுங்கவேண்டும்; அது இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு கணமும், வேகமாகச் சுற்ற விரும்பும் பின் சில்லுகள் பினியனைப் பின்முகத்தால் தள்ளுகின்றன. ரயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டியின் காரணமாக, ஓடும்போது உண்மையான வித்தியாசம் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறையும் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், நான்கு சில்லு இழுவையில் பெயர்பெற்ற சுபாரு நிறுவனம் நான்கு ரயர்களின் சுற்றளவுக்கும் இடையில் அனுமதிக்கும் வித்தியாசம் கால் அங்குலம், அதாவது 6.4 மில்லிமீற்றர் மட்டுமே. உங்களுடையது அதைப்போல ஐந்து மடங்கு.

முன் ரயர் இரண்டையும் மாற்றியது சிக்கனம் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள், முன்னிழுவைக் கார் என்றால் அது சரியான சிக்கனமுந்தான். உங்கள் ஜீப்பில் அப்படியல்ல: ஒவ்வொரு முறை முன்னுக்குப் புதியது ஏறியபோதும் பின்னுக்கு இருந்ததோடு வித்தியாசம் கூடியிருக்கிறது. பிந்திய டிபரென்சல்களின் ஆயுள் 14 மாதத்திலிருந்து 7 மாதமாகச் சுருங்கியதற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் இதுவும் அதில் கட்டாயம் இருக்கும்.

அளப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. காலையில், வாகனம் ஓடி ரயர் சூடாகுமுன், நான்கிலும் காற்றைச் சமப்படுத்துங்கள். தையற்காரரின் அளவுநாடாவை ரயரின் நடுவால் சுற்றிப் பிடித்து நான்கு அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். பின் இரண்டுக்குமிடையிலும் வித்தியாசம் இருந்தால், டிபரென்சலின் உள்ளே இருக்கும் சிறிய பற்சில்லுகள் நேர்ப்பாதையிலும் ஓய்வில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரயர் மட்டுந்தான் குற்றவாளி என்று சொல்லி முடிக்கவும் என்னால் இயலவில்லை, ஏனென்றால் சீல் இரண்டு முறை மாற்றியும் ஒழுகியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான வரி. டிபரென்சல் பெட்டியின் மேற்புறத்தில் பிறீதர் என்று ஒரு சிறு மூச்சுத்துளை இருக்கும். சிலவற்றில் தொப்பிபோல, சிலவற்றில் மெல்லிய றப்பர்க் குழாயாக. காலையில் 30 பாகையில் இருந்த பெட்டி 100 பாகைக்குச் சூடேறும்போது, துளை அடைபட்டிருந்தால், உள்ளே அகப்பட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழக் கால்பங்கு கூடும். அது வெளியேற ஒரு வழியே உண்டு, சீலின் உதடு. புதுச் சீல் போட்டாலும் ஒழுகும், அதற்கும் புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். மாரியில் வெள்ளம் நிற்கும் வீதியில் அந்தச் சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்தால் இதே கதை மறுபக்கமாக நடக்கும்: உள்ளே இழுபடுவது தண்ணீர். வடிக்கும் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் நடந்தது அதுதான். இங்கே சேற்றையும் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்தின் உப்புக் காற்றையும் எல்லோரும் நினைப்பார்கள். என் கையில் ஒரு முறை வந்த வாகனத்தில் பிறீதர்க் குழாயின் வாயைக் களிமண்ணால் கச்சிதமாகப் பூசி அடைத்திருந்தது ஒரு குளவி. ஆறு மாதம் முற்றத்தில் நின்ற வாகனம் அது.

அடுத்த சந்தேகத்தை மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாமல் கேட்டுத் தெளியவேண்டும். பினியன் சீலை மாற்றும்போது முன்னால் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டும். அந்த நட்டு வெறும் நட்டு அல்ல. பல வாகனங்களில் அதன் பின்னால், இரண்டு பெயாரிங்குக்கும் நடுவே, இறுக்கும்போது நசிந்து கொடுக்கின்ற ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. பெயாரிங் எவ்வளவு இறுக்கத்தில் சுழலவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த நசிவுதான். காற்றில் இயங்கும் கன்னை (நட்டு முடுக்கும் கருவியை) பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் ஸ்பேசர் அளவுக்கு மேல் நசிந்துவிடும், அதன்பின் நட்டைத் தளர்த்தினாலும் அது நிமிராது. பெயாரிங் பிடித்துப் பிடித்துச் சுழலும், சூடேறும், சில மாதங்களில் உடையும். உங்கள் முதற்படத்தில் பெயாரிங் உருளைகளின் ஓரத்தில் தெரியும் நீலம் அழுக்கல்ல. எஃகு ஏறத்தாழ 300 பாகைக்குப் போனால்தான் அந்த நிறம் பிடிக்கும். ஒயில் இருந்த பெயாரிங் அந்தச் சூட்டைக் கண்டிருக்காது.

ஆகவே, நடந்ததை நான் இப்படிப் பார்க்கிறேன்: ரயர் வித்தியாசம் சூட்டை உண்டாக்கியது, அடைபட்ட பிறீதர் ஒயிலைச் சீலால் வெளியே தள்ளியது, சீலை மாற்றிய வேலை பெயாரிங்கை மேலும் இறுக்கியது, குறைந்த ஒயிலில் அது எரிந்தது. நடுவில் உள்ள இரண்டும் என் ஊகம், கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலாவதும் கடைசியும் உங்கள் படத்திலேயே இருக்கின்றன.

எனவே பணத்தை முதலில் ரயருக்குச் செலவிடுங்கள், நான்கும் ஒரே தயாரிப்பாக, ஒரே நாளில். அதன்பின் 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் முன்பின்னாக மாற்றிப் பூட்டினால் நான்கும் ஒன்றாகவே தேயும். பிறகு டிபரென்சலைத் தேடுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: இரண்டு பக்க வெளியீட்டையும் ஒன்றாக 10 சுற்றுச் சுற்றும்போது பினியன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி, கழற்றிய பழையதோடு ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் பல் விகிதம் வேறுபட்ட பெட்டிகள் உண்டு. அப்படி ஒன்றைப் பூட்டினால் புது ரயரும் உங்களைக் காப்பாற்றாது. பூட்டுமுன் பிறீதரை வாயால் ஊதிப் பாருங்கள், காற்றுத் தடையில்லாமல் போகவேண்டும். ஒயில், வாகனக் கைநூலில் உள்ள தரமே. "எல்லாத்துக்கும் இதுதான் விடுறனாங்கள்" என்று பீப்பாவிலிருந்து ஊற்றுவதை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். வடிக்கும் நட்டைத் தொடுமுன் நிரப்பும் நட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது: துருப்பிடித்த நிரப்பும் நட்டு அசையாமல் நின்றால், வடித்த பெட்டியோடு நடுவழியில் நிற்கவேண்டிவரும். முதல் 1,000 கிலோமீற்றரில் அந்த ஒயிலை ஒரு தரம் வடித்து, நட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம். விரலில் குத்தும் சிம்பு இருந்தால் வாகனத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனது ஹொண்டா சிஆர்வி நான்கு சில்லு இழுவை வகை. ஒழுங்கையிலிருந்து படலைக்குள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்னால் மாடு முனகுவதுபோல ஒரு சத்தமும் நடுக்கமும் வருகின்றன. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் டிபரென்சலுக்கு நல்ல கியர் ஒயில் மாற்றினேன். டிபரென்சல் போய்விட்டதா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் இல்லை, அந்த "நல்ல கியர் ஒயில்"தான் முனகுகிறது. உங்கள் வாகனம் இரட்டைப் பம்ப் வகையாயின், பின் டிபரென்சல் பெட்டியில் ஒரு பம்ப் புரொபெல்லர் சாப்டோடும் (முன்னாலிருந்து பின்னுக்கு இழுவையைக் கொண்டுவரும் நீண்ட தண்டு) மற்றது பின் சில்லுகளோடும் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒயில் ஒன்றிலிருந்து மற்றதற்கு அழுத்தமில்லாமல் போகும். முன் சில்லு வழுக்கி வேகம் மாறினால் அழுத்தம் ஏறி, கிளச் தட்டுகளை நெருக்கும். அந்தத் தட்டுகளும் கிரவுண் பினியனும் குளிப்பது ஒரே ஒயிலில். அதற்கென்றே ஹொண்டா இரட்டைப் பம்ப் திரவம் ஒன்றை வைத்திருக்கிறது. சாதாரண கியர் ஒயிலில் தட்டுகள் வழுக்கிக் கொடுக்காமல் ஒட்டி ஒட்டி விடுபடும்; படலைத் திருப்பத்தில் கேட்பது அதுதான்.

வடித்துவிட்டுச் சரியான திரவத்தை ஊற்றுங்கள், ஏறத்தாழ 1 லீற்றர் பிடிக்கும். வெறுமையான மைதானம் ஒன்றில் மெதுவாக எட்டுப்போட்டுவிட்டு, மறுநாளே மீண்டும் வடித்து ஊற்றுங்கள். தட்டுகளுக்கு நடுவில் தங்கிய பழைய ஒயில் ஒரே முறையில் வராது. இரண்டாம் முறைக்குப் பிறகும் முனகல் குறையாவிட்டால் மட்டும் பெட்டியைத் திறக்கலாம்.

கேள்வி: பின் டிபரென்சல் சத்தமிடுவதால் புரொபெல்லர் சாப்டைக் கழற்றிவைத்துவிட்டு முன் சில்லு இழுவையில் மட்டும் ஓடச்சொல்கிறார் நண்பர். ஓடலாமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: சாப்டைக் கழற்றினாலும் பின் சில்லுகள் தங்கள் அக்சிலால் (அச்சுத்தண்டால்) டிபரென்சலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அம்மா. உடைந்த பெயாரிங் அப்போதும் அங்கே இருக்கிறது; அது ஓட்டத்தில் இறுகினால் பின் சில்லு தரையில் பூட்டிக்கொள்ளும். நடுவில் தனி டிபரென்சல் உள்ள நிரந்தர நான்கு சில்லு இழுவை என்றால், சாப்டைக் கழற்றியபின் இழுவை வெறுமையான பக்கத்துக்கே போய், வாகனம் நகராமலும் நிற்கலாம். கராஜுக்குக் கொண்டுபோவதற்கு நான்கு சில்லும் தட்டில் ஏறக்கூடிய லொறியைக் கூப்பிடுங்கள். முன் இரண்டை மட்டும் தூக்கிக்கொண்டு இழுக்க வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.