பாலிவோர் போன பிறகு சேலை, பிளவுஸ், நகை ஜோடி சேர்த்து செட் போட வேறு என்ன வழி?

கேட்டவர் தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். எம்.சி. ரோட்டில் எடுக்கிற சேலைக்குப் பொருத்தமான பிளவுஸ், ஜிமிக்கி, செருப்பு எல்லாம் சேர்த்து ஒரே படமாகக் காட்ட வேண்டும், முன்பு பாலிவோர் என்ற இணையதளத்தில் செய்தது போல.

பாலிவோர் திரும்பி வராது. 2007-ல் தொடங்கினார்கள், 2015-ல் யாஹூ வாங்கியது. 2018 ஏப்ரல் 5 அன்று மான்ட்ரியலின் எஸ்சென்ஸ் நிறுவனம் வாங்கிய கையோடு மூடிவிட்டது. அவரவர் செட்டுகளை இறக்கிக்கொள்ள மே 15 வரை அவகாசம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதே மாதிரித் தளங்களான ஷாப்லுக், யூஆர்ஸ்டைல் பக்கம் ஒதுங்கினவர்கள் உண்டு. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் மேற்கத்திய உடை. சுங்குடிக்கும் ஆண்ட்டிக் ஜிமிக்கிக்கும் அங்கே போய்ப் பயனில்லை.

பாலிவோரில் படங்களை இழுத்து அடுக்குகிற வசதியை இன்றைக்கு எந்த டிசைன் ஆப்பும் தரும். தராதது அதன் கிடங்கு. யாரோ ஒருத்தர் ஒரு கடைத் தளத்திலிருந்து செருப்புப் படத்தை எடுத்துப் போட்டால் போதும், பின்னணி இல்லாத படமாக அது எல்லாருக்கும் கிடைத்தது. அந்தக் கிடங்கை இனி நீங்களே கட்ட வேண்டும். சேலைக்கு மூன்று படம், நகைக்கு ஒன்று என்று சேர்த்தால் ஒரு மாதத்தில் புழங்கும் அளவுக்கு வந்துவிடும். சூரத் கேட்டலாக் படங்களை வெட்டிப் போடாதீர்கள். அவை மெருகேற்றிய படங்கள். கையில் வரும் சேலை அந்தக் கலரில் இருக்காது, பார்சல் திரும்பி வரும்.

எல்லாரும் கோட்டை விடுவது கலரில்தான். டியூப் லைட்டில் எடுத்தால் மெரூன் பழுப்பாகத் தெரியும். வெயில் நேராக விழாத வாசலிலோ மாடிப்படி ஓரத்திலோ காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுங்கள், வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். நம் பக்கத்துச் சந்துகளில் இன்னொரு தொல்லை, எதிர்வீட்டுச் சுவர். அது பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்தச் சாயம் அப்படியே வெள்ளைச் சேலையில் ஏறும். சுவர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் தட்டியை நிறுத்தினால் பாதி சரியாகிவிடும். சேலைக்கு அடியில் வெளிர் சாம்பல் சார்ட் பேப்பர் போடுங்கள். பளீர் வெள்ளை போட்டால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், சேலை அழுக்காகத் தெரியும்.

போனை ஒன்றரை மீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டத்தில் பிடித்தால் பார்டர் வளையும். திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை ஒரு படி இறக்குங்கள். இறக்காவிட்டால் ஜரிகை வெளுத்துப்போகும், ராணி பிங்க் நெசவே தெரியாத ஒரே திட்டாக விழும். கத்தரிப்பூ கலரை மட்டும் போன் எப்படியும் நீலமாகத்தான் காட்டும். அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காமல், “நேரில் கத்தரிப்பூ” என்று படத்திலேயே எழுதிவிடுங்கள்.

மயில்கழுத்துச் சேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். பாவு (நீள நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை என்று நெய்திருந்தால், தட்டையாக விரித்து எடுக்கும்போது ஒரு கலர்தான் படத்தில் வரும். விசிறி மடிப்பாக நாலு மடிப்பு வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ எடுங்கள். மடிப்பின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு கலரும் பிடிபடும். பிளவுஸுக்கு எதை எடுப்பது என்ற சண்டையும் அங்கேயே தீரும். பார்டரிலும் இருக்கிற கலரை எடுங்கள்.

மேட்சிங் கடையில் டூ பை டூ என்கிற பிளவுஸ் துணி பார்க்கும்போது சேலையையும் துண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகலில் பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாயம் வெளியே பிரிந்துவிடும், சாயத்தின் குணம் அது. ஒரு மீட்டர் வாங்குங்கள். எண்பது சென்டிமீட்டரில் நீளக் கை வைப்பது கஷ்டம்.

பின்னணி நீக்க ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் படத்தை அழுத்திப் பிடித்தாலே பொருள் தனியே கழன்று வரும். கேன்வா என்ற டிசைன் ஆப்பில் அந்த வசதி காசு கட்டுகிறவர்களுக்கு. கம்ப்யூட்டர் இருந்தால் பவர்பாயின்டில் ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ போதும், முடித்ததும் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் வெட்டிய வெற்றிடம் வெள்ளையாக நிரம்பிவிடும். குஞ்சம், நெட் துணி, ஆர்கன்சா மூன்றையும் எந்த ஆப்பும் கடித்துத் தின்றுவிடும். அவற்றை வெட்டவே வேண்டாம், சதுரத் துண்டாகக் கத்தரித்து அப்படியே வையுங்கள்.

ஜிமிக்கியை நூலில் தொங்கவிட்டு எடுத்துப் பிறகு நூலை அழித்துவிடுங்கள். டார்ச் அடிப்பதானால் மேலே பட்டர் பேப்பரைச் சுற்றுங்கள், கண் கூசும் புள்ளி குறையும். முதல் படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். நாலு சென்டிமீட்டர் ஜிமிக்கியைப் பலகையில், அதாவது எல்லாம் அடுக்குகிற அந்த ஒரே படத்தில், தேங்காய் அளவுக்கு வைப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற பழைய தப்பு. நகையைக் கொஞ்சம் பெரிதாக்குவது வழக்கம்தான், ஆனால் அளவைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பலகை 1080-க்கு 1350 பிக்சல், ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920. ஒரு சேலை, ஒரு பிளவுஸ், அதிகபட்சம் மூன்று சாமான். அதற்கு மேல் போனால் சேலை காணாமல் போகும்.

வெட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழிக்காதீர்கள். ‘மயில்கழுத்து-சில்க்காட்டன்-03’ என்பது போலப் பெயர் வைத்து, போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்வதைச் சேமிப்பாக நினைக்காதீர்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், வெட்டிய வெற்றிடமும் போய்விடும். அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் பேப்பர் கிளிப்பை (ஐபோனில் + குறியை) அழுத்தி ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள்.