ராமநாதபுரத்து மழையும் வெயிலும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆவணி பிறந்துவிட்டால் எனக்குக் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். பாதிப் பேர் விதைப்பைப் பற்றிக் கேட்பார்கள், மீதிப் பேர் இந்த வருஷமாவது கண்மாய் பெருகுமா என்று. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தைத் "தண்ணியில்லாக் காடு" என்கிறார்களே, அவ்வளவு குறைவாகவா மழை பெய்கிறது?

இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஆனாலும் இன்னொரு முறை சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 82 செ.மீ. கோவை, கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் சராசரி இதைவிடக் குறைவு. அந்த ஊர்களை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொல்வதில்லை.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, அதிலும் நான்கைந்து பெருமழை நாட்கள்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. மாவட்டத்தில் மலை இல்லை, வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, வைகையும் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். பல ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு. தரையோ மேசைபோல் சமமாகக் கிடக்கிறது, பெய்த தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் கடலுக்குப் போகும் அல்லது அடுத்த வெயிலில் ஆவியாகும். இதைப் புரிந்துகொண்டதால்தான் நம் முன்னோர் இத்தனை கண்மாய்களையும் ஊரணிகளையும் வெட்டினார்கள். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இன்றைக்கும் சொல்வார்கள், நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலமாம். வரத்துக் கால்வாய் தூர்ந்து போன ஊரில் 100 செ.மீ. பெய்தாலும் சித்திரையில் குடத்தோடு அலையத்தான் வேண்டும். வானத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கால்வாயை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, நாங்கள் மட்டும் ஏன் புரட்டாசி வரை காத்திருக்கிறோம்? மானாவாரி நெல்லை எப்போது விதைப்பது?

ஆடிப்பட்டம் நமக்கானது இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையை இறக்கிவிட்டு வெறுங்காற்றாகத்தான் இங்கே வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. அதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் நம் புழுதி விதைப்பு.

இதில் ஆபத்து ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடியோடு வரும் மழைதான். ஒரு நல்ல உழவு மழை பெய்யும், விதை முளைக்கும், அப்புறம் 20 நாள் வெயில் அடித்துப் பயிர் கருகிவிடும். அந்த மழை பருவமழை இல்லை, பகல் முழுக்கத் தரை சூடாகி அந்தந்த இடத்திலேயே மேகம் திரண்டு கொட்டுவது. அதை நம்பி மொத்த வயலையும் விதைத்துவிடாதீர்கள். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து இரண்டு மூன்று தவணையாக விதையுங்கள், விதை சற்று ஆழத்தில் விழட்டும், அப்போதுதான் சிறு தூறலுக்கு அவசரப்பட்டு முளைக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் வறட்சியை ஓரளவு தாங்கும். ரகத்தைப் பொறுத்தவரை, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா 4 போல நூறு நாளை ஒட்டி முடியும் குறுகிய கால நெல்லே என் தேர்வு, மார்கழியோடு மழை நின்றுவிட்டாலும் கதிர் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றார்கள், பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள், எங்கள் ஊரில் தூறல்தான். வானிலை ஆய்வு மையத்தை எப்படி நம்புவது?

எச்சரிக்கை முழு மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது, உங்கள் ஊருக்கென்று தனியாக இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வெள்ளம். அன்று மேற்கே கமுதி, பரமக்குடிப் பக்கம் அதில் சிறு பங்குதான். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே அதி கனமழை என்று பெயர், இது அதைப் போல இரண்டு மடங்கு! இப்படி ஒரு மேகக்கூட்டம் எந்தத் தெருவில் வந்து நிற்கும் என்று முதல் நாளே சொல்ல இன்றைய கணினிகளாலும் முடியாது. பத்து முறை வீணாக லீவு விட்டாலும் பரவாயில்லை, எச்சரிக்கையை மதியுங்கள். தனுஷ்கோடி 1964 டிசம்பரில் ஒரே இரவில் அழிந்த மண் இது.

கேள்வி: சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறதாமே?

மழையை விரட்டுவதில்லை. நமக்கு மழை தருவது வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளும் கீழைக்காற்றும். அவற்றின் முன்னால் ஒரு மரம் எம்மாத்திரம்? ஆனால் அது கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாயிலும் அடைத்து நின்று தண்ணீர் வருவதைத் தடுக்கிறது, ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரையும் எடுக்கிறது. அகற்றுங்கள், கண்மாய்க்குள் இருப்பதை முதலில் அகற்றுங்கள், அந்தக் காரணமே போதும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தென்கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது? மழைகூட இல்லையே?

தடை ஜூன் 14-இல் முடிகிறது, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசுவதும் அந்த நாட்களில்தான். குமரி முனையைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குள் நுழையும் காற்று அது, மழை இல்லாவிட்டாலும் அலையைக் கிளப்பிவிடும். மார்கழி வாடையில் நிலைமை மாறி, பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கலங்கும்.

கேள்வி: எல் நினோ வந்தால் நமக்குப் பஞ்சமா?

எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவது. அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைத்தான் கெடுக்கும். நம் வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் பொதுவாக நன்றாகவே பெய்யும், 2015-ஐ நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் லா நினா, அதாவது அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்வது, வந்தால் மழை குறையும் என்பார்கள். ஆனால் 2021-இல் லா நினா இருந்தும் தமிழகத்தில் மழை சராசரியை வெகுவாகத் தாண்டியது. ஆகவே இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்துக்குக் குழந்தைகளோடு வர எந்த மாதம் நல்லது?

தை, மாசி. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொல்லும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன், வீட்டிலேயே மழை அளக்க முடியுமா?

தாராளமாக. பக்கங்கள் நேராக இருக்கும், வாய்முதல் அடிவரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை மரமோ சுவரோ மறைக்காத திறந்த இடத்தில் வையுங்கள், தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலை மையமும் அதே 8.30 கணக்குத்தான். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர், அதாவது 1 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் 40,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. மழை இல்லாத நாளிலும் நோட்டில் பூஜ்ஜியம் எழுத மறக்காதீர்கள். தை மாதம் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், உங்கள் ஊர்க் கண்மாய் எத்தனை நாள் நிறைந்து நின்றது என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.