எல்ம் மரத்தை ஆலமரம் ஆக்கலாமா?

கேள்வி: பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். திராட்சைக்கொடி எல்ம் மரத்தை மணந்ததாக ஒரு வரி வருகிறது. நம்மவர்களுக்கு எல்ம் தெரியாது, ஆலமரம் என்று போடு என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். ஆலமரத்தடியில் வெயிலே விழாது. திராட்சை எப்படிப் பழுக்கும்? எல்ம் கவிதைக்குள் வந்ததே கழிக்கக் கழிக்கத் துளிர்க்கும் மரம் என்பதால்தான். பண்டைய இத்தாலியில் எல்மை வளர்த்து அதில் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். கிளையைக் கழித்தால் குலைக்கு வெயில், தழை மாட்டுக்கு. நம் கொடிக்காலில் அகத்தியில் வெற்றிலையை ஏற்றுகிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. இப்படிக் கட்டுவதற்கு ரோமானிய உழவர்கள் வைத்திருந்த சொல்லே 'மணமுடித்தல்'. ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் தம் திருமணப் பாட்டில் எல்மைக் கணவன் என்றார். கொடி ஏறாத பிளேன் என்ற நிழல்மரம் இன்னொரு ரோமானியக் கவிஞர் ஹொரேஸுக்குப் 'பிரமச்சாரி'. 1667இல் வந்த ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தில் ஆதாமும் ஏவாளும் ஏதேனில் கொடியை எல்முக்கு மணமுடிப்பது இந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே 'எல்ம்' என்றே எழுதுங்கள். 'மணந்தது' என்ற வினையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'படர்ந்தது' என்று மாற்றினால் உவமை செத்தது. கொடிக்கால் ஒப்புமை அடிக்குறிப்புக்குப் போகட்டும். கவிதைக்குள் அகத்தியை நடாதீர்கள். அது சில வருடத்தில் பட்டுப்போகும், எல்ம் தலைமுறை தாண்டி நிற்கும். அடிக்குறிப்பு என்றாலே சில பதிப்பகங்கள் முகம் சுளிக்கும். அட்டைக்குச் செலவழிக்க மனம் உண்டு, ஒரு வரிக் குறிப்புக்கு இடம் இல்லை! விடாதீர்கள்.

அடுத்த பொறி, 'எல்ம் என்றால் மரணம்' என்று ஒரே வரியில் முடிக்கும் கைடுகளும் குறியீட்டுப் பட்டியல்களும். இங்கிலாந்தில் சவப்பெட்டிக்கு எல்ம் பலகை உண்டு, 1751இல் வந்த தாமஸ் கிரேயின் கல்லறைப் பாட்டிலும் எல்ம் உண்டு. அதற்காகக் கல்யாண வரியில் சாவை நுழைப்பதா? பக்கத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, கணினி கக்கியதைத் திருத்தாமல் நீட்டும் மொழிபெயர்ப்புத் தரகர்கள் இந்தப் பட்டியல்களைத்தான் அப்படியே ஒட்டுகிறார்கள்.

ஒரே ஒரு விலக்கை மனதில் வையுங்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்து ஆறாம் காண்டத்தில், பாதாள வாசலில் பெரிய, இருண்ட எல்ம் ஒன்று நிற்கிறது. அதில் கொடி இல்லை, குலை இல்லை. இலைக்கு இலை பொய்க்கனவுகள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்து எல்மில் திராட்சை தொங்குவதைப் பார்த்த ரோம வாசகனுக்கு அந்த வெறுமை உடனே உறைத்திருக்கும். அதாவது, மணமான எல்ம் தெரியாதவருக்கு இந்த எல்மும் விளங்காது. உங்கள் கவிதையில் கொடி இல்லாமல் மரம் தனியாக நின்றால், கவிஞர் இதை நினைத்தாரா என்று பாருங்கள். கொடி இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கவிதை எழுதிய ஆண்டையும் பாருங்கள். 1970களில் இங்கிலாந்தின் எல்ம்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின; பட்டை வண்டு பரப்பும் பூஞ்சை. அதற்குப் பின் எழுதிய ஆங்கிலக் கவிதையில் எல்ம் வந்தால் பெரும்பாலும் இல்லாத மரம்தான். 'டச்சு எல்ம் நோய்' என்பதை டச்சுக்காரர் கொண்டுவந்த நோய் என்று எழுதிவிடாதீர்கள். அதை முதலில் ஆராய்ந்தவர்கள் அவர்கள், அவ்வளவுதான்.

அதே கவிதையில் 'லைம்' மரம் வந்தால் எலுமிச்சை அல்ல, லிண்டன் என்ற வேறு மரம்.