இணையத்துச் சிநேகிதியோடு மசாய் மாரா போகலாமா?

வாசகர் கேள்விகளுக்கு டர்பன் அக்கா பதில்

கேள்வி: அக்கா, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக டர்பன் வந்து மூன்று வருடம் ஆகிறது. பறவைப் படம் எடுக்கும் பழக்கத்தால் நைரோபிப் பெண் ஒருத்தி இணையத்தில் அறிமுகமானாள். இரண்டு வருடமாகப் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா காப்புக்காட்டுக்குப் போகலாம் வா, வண்டிச் செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "சிங்கத்தை விட அந்தப் பொண்ண நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்கிறார். போகலாமா?
- உம்லாங்கா வாசகி

பதில்: போகலாம் அம்மணி. (உங்கள் ஊரில் அப்படித்தானே கூப்பிடுவார்கள்?) அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் நினைக்கிற இடத்தில் ஆபத்து அவ்வளவாக இல்லை என்பது என் எண்ணம். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2017-ல் எனக்கும் இப்படி ஒரு சிநேகிதி வாய்த்தாள். மொரிஷியஸ் தமிழ்ப் பெண், வீட்டில் பேசுவது கிரியோல், தமிழில் தேவாரம் மட்டும் மனப்பாடம். 1974-ல் நாலே நாலு என்று ஆகிப்போன மொரிஷியஸ் வல்லூறு எப்படி மீண்டது என்று அவள் எழுதியதைப் படித்துத்தான் பழக்கம். செப்டம்பரில் டர்பன் வந்தாள். என் வீட்டுக்காரரின் பக்கியை (பிக்கப் வண்டி) எடுத்துக்கொண்டு இருவரும் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி கிளம்பினோம். என்2 சாலையில் வடக்கே மூன்று மணி நேரம், முத்துபாத்துபா தாண்டி நியலாசி கேட். 1895-லேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடம். இன்று உலகில் இருக்கும் தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகங்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில் தப்பிப் பிழைத்த சிறு கூட்டத்தின் வாரிசுகள். அதனால் எனக்குக் காண்டாமிருகம் பார்க்க வேண்டும். அவளுக்கோ ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி பஞ்சுருட்டான் பறவை பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம்! இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்காமல், வியர்த்துக்கொண்டு. நான் ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, மபிலா முகாம் போய்ச் சேரும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மபிலாவுக்கு வேலி கிடையாது. இருவருக்கும் புரட்டாசி விரதம், அதனால் கறி கிறி எதுவும் இல்லை என்று கூலர் பாக்ஸை வராந்தாவிலேயே வைத்துவிட்டோம். ராத்திரி கழுதைப்புலி வந்து பெட்டியையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உருளைக்கிழங்கு ரொட்டி, எலுமிச்சை சாதம், எல்லாம் போச்சு. காலையில் மூடி மட்டும் கிடைத்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பில்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம். அப்புறம் காலை நேரம் அவளுக்கு, சாயங்காலம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். இன்றும் பேசுகிறோம்.

மாராவில் இது இன்னும் பெரிய விஷயம். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வரும் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தானே ஆகஸ்டில் கூப்பிடுகிறாள்? அவை நேரம் சொல்லிவிட்டுக் கடப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கரைக்கு வரும், தண்ணீரை முகர்ந்து பார்க்கும், நாலு மணி நேரம் நிற்கும், திரும்பிப் போய்விடும். நீங்கள் காத்திருக்க நினைக்கும்போது அவள் "சிறுத்தை பார்க்கப் போகலாம்" என்றால்? வண்டி ஒன்று, ஓட்டுநர் ஒருவர். ஆகவே அவளிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பாய்? காலையில் எத்தனை மணிக்கு எழுவாய்? தங்குவது கூடாரமா, லாட்ஜா? ஓட்டுநருக்கு டிப்ஸ் எவ்வளவு? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவள் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி பணம். இரண்டு வருடப் பழக்கம் என்பதால் வீடியோவில் முகம் பார்த்திருப்பீர்கள், பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள். உங்கள் பங்கை அவள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். எந்த நிறுவனம், எந்த முகாம் என்று கேட்டு, அந்த நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் ரசீது வாங்கிக் கட்டுங்கள். கென்யாவில் சுற்றுலா நிறுவனங்களுக்கு காட்டோ என்று ஒரு சங்கம் உண்டு, அதில் உறுப்பினரா என்று பாருங்கள். வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். வெள்ளி கிடைத்தால் விடாதீர்கள். நைரோபியில் முதல் இரவு அவள் வீட்டில் வேண்டாம். நீங்களே பதிவு செய்த விடுதியில் தங்கி, சாயங்காலம் வெளியே ஒரு காபி குடித்துப் பேசிப் பாருங்கள். மனதுக்கு ஒட்டவில்லை என்றால் தனியாகத் திரும்பி வரும் அளவுக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். இதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம். நல்ல பெண் என்றால் அவளும் உங்களைப் பற்றி அவள் அம்மாவுக்கு இதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. இங்கிருந்து கென்யா போகும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது தென்னாப்பிரிக்கா கேட்கும்! என் கொழுந்தனார் இது தெரியாமல் போய்விட்டு வந்து, ஜோஹன்னஸ்பர்க்கில் தனி வரிசையில் நின்று, டர்பன் விமானத்தைத் தவறவிட்டார். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுசுக்கும் போதும். அங்கிருந்து நேரே கோயம்புத்தூர் போய் அம்மாவைப் பார்க்கலாம் என்று நினைத்தாலும் அந்த மஞ்சள் அட்டை வேண்டும், இந்தியாவில் இன்னும் கண்டிப்பு. முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். ஆபீஸில் கூட இருக்கும் உள்ளூர்க்காரர்கள் "கென்யாவுக்கு விசாவா, எதுக்கு?" என்பார்கள். அது அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையத்திலேயே முன் அனுமதி வாங்கும் முறை வந்திருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள். திரும்பி வரும் தேதியில் இங்குள்ள உங்கள் வேலை விசா செல்லுபடியாகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நைரோபியிலிருந்து நாரோக் வழியாக ரோட்டில் போனால் ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானம் என்றால் முக்கால் மணி நேரம்தான், ஆனால் மொத்தச் சாமானும் பதினைந்து கிலோவுக்குள், மெத்தென்ற பையில் இருக்க வேண்டும். உங்கள் பெரிய லென்ஸும் அதில் சேர்த்திதான். பிளாஸ்டிக் கேரி பேக் எதையும் கொண்டுபோகாதீர்கள், 2017-லிருந்து அங்கே தடை. மாரா மேட்டு நிலம், விடிகாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

கேள்வி: பத்தொன்பது வயது மகன், விளையாட்டில் பழக்கமான நெல்ஸ்ப்ரூட் பையனோடு க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறேன் என்கிறான். வாடகைக் கார் எடுப்பார்களாம். அனுமதிக்கலாமா?
- டோங்காட் தந்தை

பதில்: வாடகைக் கார் பத்தொன்பது வயதுக்காரனுக்குக் கிடைப்பதே கஷ்டம், எனவே பாதிப் பிரச்சினையை கார் நிறுவனமே தீர்த்துவிடும். அந்தப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, பிரியாணி போட்டு, அவன் அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பிறகு நீங்களும் கூடப் போங்கள். க்ரூகர் வடக்கு தெற்காக ஏறக்குறைய 350 கிலோமீட்டர், தார் ரோட்டிலேயே வேகம் 50-க்கு மேல் கூடாது. கேட் மூடும் நேரம் தவறினால் அபராதம். "இன்னும் ஒரு வளைவு, சிங்கம் இருக்கும்" என்று இளவட்டங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்க ஒரு பெரிய மனுஷன் வேண்டும்.

கேள்வி: காட்டுக்குப் போனால் பாட்கோஸாக (வழிச் சாப்பாடாக) என்ன எடுத்துப் போவீர்கள் அக்கா?
- சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: புளிசாதம், அவித்த முட்டை, மாங்காய் ஊறுகாய், ஃப்ளாஸ்க்கில் இஞ்சி டீ. 2017-க்குப் பிறகு எல்லாவற்றையும் அறைக்குள், கதவைப் பூட்டி.